கலைந்த இசைக்குழு மீண்டும் கூடினால்...



சில கிழமைகளுக்கு முன் ஞாயிறு மாலைப் பேச்சின் நடுவே மிட்நைட் ஒயில் என்ற அவுஸ்திரேலிய இசைக்குழுவைப் பற்றி இரண்டு நிமிடம் சொன்னேன். நிகழ்ச்சி முடிந்ததும் தொலைபேசி ஓயவில்லை. ஒரு அம்மா, "தம்பி, வெள்ளைக்காரரின்ரை சத்தப் பாட்டுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நேராகவே கேட்டார். இன்னொருவர், தனது மகன் பழைய குழு ஒன்றின் மறுகூடல் நிகழ்ச்சிக்கு 200 டொலர் கொடுத்து ரிக்கெற் எடுத்திருப்பதாகவும், கிழவர்கள் பாடுவதைப் பார்க்க இவ்வளவு காசா என்றும் குறைப்பட்டார். இருவருக்கும் தொலைபேசியில் சொன்ன பதில் அரைகுறையானது. ஆகவே இந்த மாதப் பேச்சு அதைப் பற்றியதே. எழுதுபவன் கணக்காளன் என்பதால் இடையிடையே கணக்கும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழு என்றால் என்ன?

ஊரில் நாம் கண்டது கோஷ்டி. கோயில் திருவிழாவின் கடைசி இரவில், தேர்முட்டிக்குப் பக்கத்தில் மேடை போட்டு, விடியும்வரை சினிமாப் பாட்டுப் பாடுவார்கள். பாடகர் வராவிட்டால் இன்னொருவர் பாடுவார். கிற்றார்காரருக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த ஊரில் இருந்து ஒருவரைக் கூட்டிவருவார்கள். பாட்டு எங்கேயோ வேறொருவர் உண்டாக்கியது என்பதால் வாசிப்பவர் மாறினாலும் நிகழ்ச்சி நடக்கும்.

மேலைநாட்டு றொக் குழு அப்படியல்ல. நாலைந்து பேர் சேர்ந்து பாட்டை எழுதி, மெட்டமைத்து, தாமே வாசித்துப் பாடுவார்கள். வணிகம் படித்தவர்களுக்கு இதை ஒரு சொல்லில் விளக்கலாம்: அது ஒரு பங்குடைமை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், ஒரு பங்காளி விலகினாலோ இறந்தாலோ பங்குடைமை கலைந்துவிடும். கடை, தளபாடம், சரக்கு எல்லாவற்றையும் விற்றுப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் நன்மதிப்பு என்று ஐந்தொகையில் ஒரு சொத்து உண்டு. அதைக் கண்ணால் காண முடியாது. வாடிக்கையாளர் மனத்தில் இருப்பது அது. ஒரு குழு கலைந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் மீண்டும் கூடி மேடையேறும்போது, இரசிகர் மனத்தில் கிடந்த அந்த நன்மதிப்பைத்தான் மீண்டும் எடுத்து வெளியே வைக்கிறார்கள்.

எனக்கு அந்த நன்மதிப்பு எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

தொழிற்சாலை வானொலி

நான் 1988 இல் சிட்னிக்கு வந்தபோது வயது 18. ஃபிளெமிங்டனில் இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர். பகலில் சில்வர்வோட்டரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை, இரவில் ஆங்கில வகுப்பு. பிறகுதான் வணிகப் பட்டப்படிப்பு. கொண்டுவந்த கசெற்றுகள் மூன்று. அவற்றுள் ஒன்றின் நாடா முதல் மாதமே சிக்கி அறுந்துவிட்டது. தொழிற்சாலையில் காலை ஏழு மணி முதல் வானொலி அலறும். அதில் நாளுக்கு மூன்று நான்கு முறை வரும் ஒரு பாட்டு, பெட்ஸ் ஆர் பேர்னிங். மிட்நைட் ஒயில் 1987 இல் வெளியிட்ட டீசல் அன்ட் டஸ்ற் என்ற இசைத்தட்டில் உள்ளது.

எனக்கு அப்போது இருந்த ஆங்கிலத்துக்கு அதில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதி, கட்டில்கள் எரிகின்றன என்பது. ஊரில் எங்கள் வீடு இருந்த நிலையை விட்டு வந்து ஆறு மாதம்கூட ஆகாத எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. இது எங்களைப் பற்றிய பாட்டு என்றே நினைத்துக்கொண்டேன். வேலைத்தலத்தில் ஆங்கிலம் சரியாகப் பேசவராத பொடியன், அந்தப் பாட்டு வந்தால் மட்டும் மற்றவர்களோடு சேர்ந்து சத்தமாகப் பாடுவான். முதன்முதலில் அவர்கள் என்னோடு சிரித்துப் பேசத் தொடங்கியதும் அதனால்தான்.

உண்மையில் அந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்பதை ஒரு வருடத்துக்குப் பிறகு வகுப்பு ஆசிரியை சொல்லித்தான் அறிந்தேன். மேற்குப் பாலைநிலத்தில் வாழ்ந்த பின்டுபி என்ற ஆதிக்குடி மக்கள், 1950களிலும் 60களிலும் தம் நிலத்தில் இருந்து பப்புன்யா போன்ற அரசாங்கக் குடியிருப்புகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் அவர்களிற் பலர் கின்ரோர் என்ற இடத்தில் தங்கள் சொந்த நிலத்துக்குத் திரும்பத் தொடங்கினார்கள். 1986 இல் மிட்நைட் ஒயில் குழுவினர், பப்புன்யாவில் உருவான வரும்பி பாண்ட் என்ற குழுவுடன் சேர்ந்து அந்தப் பகுதிகளில் பயணம் செய்து பாடினார்கள். அங்கே கண்டதும் கேட்டதும்தான் அடுத்த ஆண்டு பாட்டாக வந்தன. நிலம் அவர்களுடையது, திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதே அதன் பொருள்.

அதை அறிந்த அன்று எனக்குச் சிறிது ஏமாற்றமாகவும் சிறிது வெட்கமாகவும் இருந்தது. என் நிலத்தை இழந்தவன் என்று பாடிக்கொண்டிருந்தேன். வேறொருவர் இழந்த நிலத்தில் நின்று பாடுகிறேன் என்பது அதுவரை தெரியாது.

குழுவைப் பற்றிச் சுருக்கமாக

சிட்னியின் வட கடற்கரைப் புறநகர்களின் மதுச்சாலைகளில் வாசித்து வளர்ந்தவர்கள் இவர்கள். மிட்நைட் ஒயில் என்ற பெயரை 1976 இல் சூட்டிக்கொண்டார்கள். பாடகர் பீற்றர் கரட் சட்டம் படித்தவர்; ஆறடிக்கு மேல் உயரம், மொட்டைத் தலை, கை கால்களை உதறி ஆடும் ஆட்டம். ரொப் ஹேர்ஸ்ற் மேளங்கள், ஜிம் மொகினியும் மார்ட்டின் றொட்சியும் கிற்றார். 1987 முதல் நியூசிலாந்துக்காரரான போன்ஸ் ஹில்மன் பேஸ் கிற்றார்.

2000 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 1 ஆம் திகதி, சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவை உங்களிற் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஆதிக்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்க அன்றைய பிரதமர் ஜோன் ஹவார்ட் மறுத்துவந்த காலம் அது. அவர் பார்த்திருக்க, "சொறி" என்று வெள்ளை எழுத்தில் பொறித்த கறுப்பு உடைகளுடன் மேடையேறி அந்தப் பாட்டைப் பாடியவர்கள் இவர்கள்தான். நாடாளுமன்றத்தில் அந்த மன்னிப்பைப் பிரதமர் கெவின் ரட் கேட்டது 2008 பெப்ரவரி 13 இல்.

2002 டிசம்பரில் பீற்றர் கரட் குழுவை விட்டு விலகினார். பங்குடைமை கலைந்தது. 2004 ஒக்ரோபர் தேர்தலில் தொழிற்கட்சி சார்பில் கிங்ஸ்போர்ட் ஸ்மித் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

சுனாமிக்குப் பின்

2004 டிசம்பர் 26 ஐ நமக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. இலங்கையில் மட்டும் இறந்தும் காணாமலும் போனவர்கள் 35,000 அளவில். அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு என்று நமது கரை முழுவதும் அழிந்தது. அந்த நாட்களில் நமது வானொலியில் பெயர்களை வாசித்தோம், விசாரிப்புகளை ஒலிபரப்பினோம், பணம் சேர்த்தோம். நான் இரவு இரவாக ஒரு மேசையில் இருந்து காசு எண்ணிப் பற்றுச்சீட்டு எழுதினேன். சிறு பிள்ளைகள் உண்டியலோடு வந்து கொட்டிவிட்டுப் போன சில்லறையும் அதில் இருந்தது. அம்மாவின் உறவினர் முல்லைத்தீவுக் கரையில் இருந்தவர்கள். அவர்களிற் சிலரைப் பற்றித் தகவல் வரவில்லை. பிறகும் வரவில்லை.

அந்த நேரத்தில் வேலைத்தலத்து நண்பர் ஒருவர், தொழிற்சாலைக் காலத்தில் இருந்து பழக்கம், தொலைபேசியில் வந்தார். "உன்ரை ஆக்களுக்காக நிகழ்ச்சி வைக்கிறாங்கள். மிட்நைட் ஒயில் திரும்பக் கூடுறாங்கள். உனக்கும் ஒரு ரிக்கெற் எடுத்திட்டன்" என்ற கருத்தில் பேசினார்.

வேவ் எயிட் என்ற அந்த நிகழ்ச்சி 2005 ஜனவரி 29 சனிக்கிழமை சிட்னி கிரிக்கெற் மைதானத்தில் நடந்தது. அலை தாக்கி ஐந்து கிழமைகூட ஆகவில்லை. பௌடர்ஃபிங்கர், சில்வர்செயர், ஃபின் சகோதரர்கள், நிக் கேவ் என்று இந்நாட்டின் பெயர்பெற்ற கலைஞர்கள் பாடினார்கள். சுமார் 50,000 பேர் வந்தார்கள். கடைசியாக, கலைந்துபோயிருந்த மிட்நைட் ஒயில் மேடையேறியது. திரட்டிய தொகை ஏறத்தாழ 23 இலட்சம் டொலர். வந்தவர் தொகையால் வகுத்தால் தலைக்கு 46 டொலர். இந்தோனேசியா, தாய்லாந்து, இந்தியா, இலங்கை என்று பல நாட்டுக் கரைகளையும் நினைத்துச் சேர்த்த பணம் அது. நமக்கு மட்டும் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் நான் அங்கே நின்றபோது கண்டது ஒன்று. என் இளமையின் பாட்டுக்காரர், கலைந்துபோனவர்கள், முதன்முறையாக மீண்டும் கூடியது எனது ஊர்க் கரைக்காக. அந்த 50,000 பேரிற் பெரும்பாலோர் முல்லைத்தீவு என்ற பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஒரு மாதமாக அழாமல் காசு எண்ணிக்கொண்டிருந்த நான், அந்தச் சத்தத்துக்குள் அழுதேன். யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நண்பர் கண்டும் காணாததுபோல இருந்தார்.

ஏன் மீண்டும் கூடுகிறார்கள்?

பொதுவாகக் காரணங்கள் மூன்று. முதலாவது காசு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்கும் வீடு வாசல் உண்டு. இரண்டாவது வயது. ஒருவர் போய்விட்டால் பிறகு கூடவே முடியாது என்ற பயம். மூன்றாவது, தங்களைவிடப் பெரிய ஒரு தேவை. அதே 2005 ஜூலை 2 ஆம் திகதி, ஆபிரிக்காவின் வறுமை ஒழிப்புக்காக லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த லைவ் 8 நிகழ்ச்சியில், பகைத்துப் பிரிந்திருந்த பிங்க் ஃபிளொய்ட் குழுவின் நால்வரும் 24 ஆண்டுகளுக்குப் பின் ஒரே மேடையில் நின்றார்கள். தனிப்பட்ட மனத்தாங்கலை ஒரு மாலைக்கு ஒதுக்கிவைக்க அப்படியொரு தேவை வேண்டியிருந்தது.

நம்மவரிடமும் உதாரணம் உண்டு. இளையராஜாவுக்கும் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கும் இடையில் 2017 இல் பாடல் உரிமை பற்றிய மனஸ்தாபம் வழக்கறிஞர் கடிதம்வரை போனது. 2019 இல் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றார்கள். அடுத்த ஆண்டு செப்ரெம்பர் 25 இல் எஸ்.பி.பி. மறைந்தார். அந்த ஒரு வருடத்தைத் தவறவிட்டிருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். மகன் 200 டொலர் கொடுத்தான் என்று குறைப்பட்ட நேயருக்கு எனது பதில் இதுதான். அவன் வாங்கியிருப்பது திரும்பக் கிடைக்காத ஒரு நாளை.

கணக்கில் ஒட்டாத பகுதி

வரவை மட்டும் எழுதி நிறுத்தினால் அது கணக்கு அல்ல.

2007 டிசம்பரில் பீற்றர் கரட் சுற்றாடல் அமைச்சரானார். 2009 பெப்ரவரி 7 இல் விக்ரோரியாவில் 173 உயிர்களைக் கொன்ற காட்டுத்தீக்குப் பிறகு, மார்ச் 14 அன்று மெல்பேண் கிரிக்கெற் மைதானத்தில் நடந்த சவுண்ட் ரிலீஃப் நிகழ்ச்சிக்காகக் குழு மறுபடியும் கூடியது. நண்பர் அழைத்தார். நான் போகவில்லை. 2009 மார்ச் மாதம் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தீயில் வீடிழந்தவர்களுக்காகப் பணம் அனுப்பினேன், ஆனால் பாட்டுக் கேட்க மனம் இருக்கவில்லை. அந்த அரசாங்கத்திடம் நாம் வீதியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த அரசாங்கத்தில் எனது பாட்டுக்காரர் ஓர் அமைச்சர்.

2012 ஓகஸ்டில் தொழிற்கட்சி அரசாங்கம் நவுறு, மானுஸ் தீவு முகாம்களை மீண்டும் திறக்க முடிவெடுத்தபோது அவர் பாடசாலைக் கல்வி அமைச்சர். குடிவரவு அவருடைய துறை அல்ல என்பது உண்மை. நிலமிழந்தவருக்காகப் பாடிய மனிதர் அந்த மேசையில் இருந்தார் என்பதும் உண்மை. எனது கசெற்றுகளைப் பெட்டியில் போட்டு மேலே தூக்கி வைத்தேன். 2013 தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. பல காலம் இதை யோசித்தேன். ஒரு மனிதரின் வாழ்நாள் முழுவதையும் ஒரே பக்கத்தில் எழுதி மொத்தம் போட முடியாது. வரவு வரவாகவும் செலவு செலவாகவும் இரண்டு பக்கத்திலும் இருக்கட்டும். ஒன்றை எழுதுவதற்காக மற்றதை அழிக்கக்கூடாது. கணக்கீட்டில் முதல் வகுப்பில் படிப்பிப்பதும் அதுதான்.

மகளின் கேள்வி

2017 இல் குழு முழுமையாகக் கூடி உலகச் சுற்றுப்பயணம் செய்தது. நவம்பர் 11 சனிக்கிழமை சிட்னி டொமெய்ன் பூங்காவில் நிகழ்ச்சி. போவதா விடுவதா என்று இருந்தேன். மானுஸ் முகாம் ஒக்ரோபர் 31 இல் மூடப்பட்டு, வெளியேற மறுத்த அகதிகள் தண்ணீரும் மின்சாரமும் இல்லாமல் இருந்த நாட்கள் அவை. மகள்தான், "வாங்கோ அப்பா, நானும் வாறன்" என்றாள். அவளுக்கு 17 வயது. நான் இங்கு வந்திறங்கியபோது இருந்ததைவிட ஒன்று குறைவு.

புல்வெளியில் எங்களைச் சுற்றி நின்றவர்கள் என் வயதுக்காரரும் மூத்தவர்களும். முழங்கால் நோவு, மடக்குக் கதிரை, தொப்பி. மேடையில் நெளிதகரத் தண்ணீர்த் தாங்கி ஒன்று. அதையும் ஒரு மேளமாக அடிப்பது ரொப் ஹேர்ஸ்ற்றின் வழக்கமாக இருந்தது. கரட்டின் ஆட்டம் குறையவில்லை. பெட்ஸ் ஆர் பேர்னிங் தொடங்கியதும் நான் பாடத் தொடங்கினேன். 29 வருடமாக எல்லாச் சொல்லும் தெரியும். மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும் புகையிரதத்தில் கேட்டாள்: "அப்பா, நீங்கள் பாடேக்கை ஊர்க் காணியை நினைச்சோ பாடினீங்கள், இல்லாட்டி இந்த நிலத்தை நினைச்சோ?"

"முதல் வந்த நேரம் ஊர்க் காணியை. இப்ப ரெண்டையும்" என்றேன்.

அவள் மேலும் ஒன்று கேட்டாள். "அப்ப உங்கடை ஊரிலை நீங்கள் பார்த்த குழு? அவை திரும்பக் கூடமாட்டினமோ?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. எங்கள் ஊர்க் கோஷ்டியில் கிற்றார் வாசித்தவர் ரொறன்ரோவில் இருக்கிறார். தபேலாக்காரர் பாரிசில். பாடகர் யுத்தத்தில் இறந்துவிட்டார். ஓகன் வாசித்தவரைப் பற்றித் தகவல் இல்லை. பங்குடைமை கலைந்த திகதியைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. இரசிகர் மனத்தில் கிடக்கும் நன்மதிப்பு மட்டும் சிட்னியிலும் மெல்பேணிலும் சிதறிக் கிடக்கிறது.

மிட்நைட் ஒயிலின் கதையும் முடிந்தது. 2020 நவம்பரில் போன்ஸ் ஹில்மன் மறைந்தார். 2022 ஒக்ரோபர் 3 இல் சிட்னி ஹோர்டேர்ன் மண்டபத்தில் கடைசிச் சுற்றுப்பயணத்தின் இறுதி நிகழ்ச்சி நடந்தது. அவர்கள் முறையாகக் கணக்கை முடித்துவிட்டுப் போனார்கள். நம் கோஷ்டிகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்று செய்யலாம். திருவிழா இரவில் யாரோ ஒருவர் பதிவு செய்த கசெற் உங்கள் அலுமாரியில் இருக்கலாம். காந்த நாடா நாளாக நாளாகப் பழுதாகும். அதன் பூச்சு உதிரும், பூஞ்சணம் பிடிக்கும். இன்னும் பத்து வருடம் பார்த்துக்கொண்டிருந்தால் பல நாடாக்களில் இரைச்சல்தான் மிஞ்சும். போட்டுப் பார்ப்போம் என்று பழைய இயந்திரத்தில் போட்டு அறுத்துவிடாதீர்கள். வானொலி நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள், கணினியில் பிரதி எடுத்து நாடாவைத் திருப்பித் தருவோம். கூடவே ஒரு தாளில் யார் பாடினார், யார் வாசித்தார், எந்தக் கோயில், எந்த வருடம் என்று தெரிந்தவரை எழுதித் தாருங்கள். பெயரில்லாத ஒலிப்பதிவு, பற்றுச்சீட்டு இல்லாத காசு மாதிரி.

கேள்வி கேட்ட அம்மாவுக்கும் இதுவே பதில். அந்தச் சத்தப் பாட்டுக்காரர் ஒருமுறை நமது கரைக்காகக் கூடினார்கள். அதை வரவில் எழுதிவைக்கிறேன். நமது பாட்டுக்காரர் இனி ஒரு மேடையில் கூடப்போவதில்லை. ஒலிநாடாவிலாவது அவர்களைக் கூட்டிவைப்போம்.